பள்ளியில் கொடுத்தார்கள், கல்லூரியில் கேட்க வேண்டும்

கல்லூரி திறந்த முதல் வாரம் அக்கா மகன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். துறை வாசலில் ஒட்டியிருந்த டைம் டேபிள். கட்டம் கட்டமாக ஆங்கிலச் சுருக்கங்கள், ஓரத்தில் ரோமன் எண்ணில் ஒன்று முதல் ஆறு வரை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, இதுல இன்னிக்கு எது?"

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அட்டவணையில் செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. கல்லூரிகளில் 'டே ஆர்டர்' என்று ஒன்று உண்டு. ஆறு நாள் பாடம் சுற்றிச் சுற்றி வரும். நடுவில் ஒரு லீவு விழுந்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். கூடப் படிக்கிறவர்கள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். இவனுக்கு அதில் வேறு சிக்கல். ரோமன் நாலும் ரோமன் ஆறும் அதே இரண்டு எழுத்துதான், இடம் மட்டும் மாறியிருக்கும். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நாலாம் நாளன்று ஆறாம் நாளுக்கான அறைக்குப் போய், சீனியர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

அவனுக்கு டிஸ்லெக்ஸியா, படிப்பதில் வரும் ஒரு கற்றல் குறைபாடு. பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும்போது, வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் முதலில் கவனித்தார். அப்புறம் மருத்துவ முகாம், சான்றிதழ், பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். இதில் எதையும் அவன் கேட்டு வாங்கவில்லை. பயிற்றுநர் படிவம் கொண்டுவந்தார், தலைமையாசிரியர் அனுப்பினார், இவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

கல்லூரியில் முதல் இன்டர்னல் தேர்வில் ஐம்பதுக்கு ஆறு. "துறையில சொல்லலையாடா?" என்று கேட்டேன். "யாரும் கேக்கல மாமா" என்றான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும்போது நடக்கும் பெரிய மாற்றம் இதுதான். அது ஏன், எப்படிக் கேட்பது, எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெற்றோரை மனதில் வைத்து எழுதினாலும், சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

முதலில், கற்றல் குறைபாடு என்றால் என்ன?

அறிவுத்திறன் சராசரியாகவோ அதற்கு மேலோ இருக்கும். பார்வை, கேட்கும் திறன் நன்றாக இருக்கும். பள்ளிக்கு ஒழுங்காகப் போயிருப்பான். ஆனாலும் படிப்பது, எழுதுவது, கணக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் வயதுக்குத் தகுந்தபடி வராது. படிப்பதில் என்றால் டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராபியா, எண்களில் என்றால் டிஸ்கால்குலியா. மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு இது. மாத்திரை போட்டுச் சரியாகாது, அடித்தால் நிச்சயம் சரியாகாது. பயிற்சியால் படிக்கும் வேகம் கூடும், ஆனால் மற்றவர்களுக்குப் போல மூச்சு விடுகிற மாதிரி இயல்பாக வராது.

குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் சகஜம். என் மச்சான், அதாவது இவன் அப்பா, எட்டாவதோடு நின்றவர். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏலம் போகும்போது எத்தனை பெட்டி, என்ன விலை, கமிஷன் போக எவ்வளவு என்று வாயாலேயே சொல்லிவிடுவார். பேங்கில் சலான் நிரப்பச் சொன்னால் மட்டும் "கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன், கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்பார். அவர் கண்ணாடி போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மகனின் குறைபாட்டுக்கு இன்ன பெயர் என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு அப்பாவின் கண்ணாடி புரிந்தது.

தமிழில் இது எப்படித் தெரியும்? 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். காதில் விழும் வரிசையில் முதலில் 'க்', பிறகு 'ஒ'. தாளிலோ முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். நாம் இதைக் கவனிப்பதே இல்லை. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை ஒவ்வொரு முறையும் இந்த முடிச்சை அவிழ்த்துத்தான் படிக்கிறான். ந, ண, ன மாறும், ல, ள, ழ மாறும், புள்ளி காணாமல் போகும், குறில் நெடிலாகும். ஆனாலும் தமிழில் எழுத்து பெரும்பாலும் ஒலிக்கு விசுவாசமாக இருப்பதால், மெதுவாகவாவது படித்து முடித்துவிடலாம். ஆங்கிலம் அப்படி விடாது. 'டஃப்', 'த்ரூ', 'தோ' என்ற மூன்று சொல்லும் ஒரே நான்கு எழுத்தில்தான் முடிகின்றன, மூன்றுக்கும் மூன்று ஒலி. தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் எப்படியோ தாக்குப்பிடித்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கில வழிப் பாடத்தில் உட்கார்ந்ததும் சரிவது இதனால்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் பிள்ளைகளுக்கு இது மூன்றாவது மொழி வேறு.

அதனால் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே தமிழ் வழிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களில் பல அரசு கல்லூரிகளில் உண்டு. "இங்கிலீஷ் மீடியம்னாதான் மதிப்பு" என்ற பேச்சுக்காக மூன்று வருடம் அரியர் சுமக்க வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் பையன் பி.காம். தான் வேண்டும் என்று நின்றான், அது வேறு கதை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' ஒன்று. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இது கிடையாது. அதனாலோ என்னவோ, சில அலுவலகங்களில் "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்ற பார்வை இன்னும் போகவில்லை. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 32ஆம் பிரிவின்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு என்று கேட்கும் இடத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். விளையாட்டு வீரர், முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு முதலில் நடக்கும், பொதுக் கலந்தாய்வு அதற்கப்புறம்தான். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும் தம்பிக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். பக்கத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்? இட ஒதுக்கீடு கிடைக்காது, ஆனால் பரீட்சைச் சலுகை வேறு விஷயம். எழுதச் சிரமப்படும் ஒருவருக்கு எழுதுபவர் வைத்துக்கொள்ள 40 சதவீதம் கட்டாயமல்ல என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. குறைந்த சதவீதம் போட்டிருக்கிறது என்று சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம்.

பதினெட்டு வயதுக் கண்ணி

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2018ல் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 14 வயதில் ஒருமுறையும் 18 வயதில் ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். 18ல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். இப்போது கணக்குப் போடுங்கள். பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 17. முதல் வருடம் கல்லூரியில் இருக்கும்போது 18 முடிகிறது. அதாவது புதிய இடம், புதிய பாடம், முதல் செமஸ்டர் என்று எல்லாம் ஒன்றாக மேலே விழும் அதே சமயத்தில் கையில் இருக்கும் காகிதமும் பழையதாகிவிடுகிறது. இவன் சான்றிதழை நீட்டியபோது அலுவலகத்தில் முதல் கேள்வியே தேதியைப் பற்றித்தான்.

ஆகவே பள்ளிச் சான்றிதழில் எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கிறது என்பதை பிளஸ் டூ முடிந்த கையோடு, மாங்காய் சீசன் முடிவதற்குள் பாருங்கள். புதுப்பிக்க எங்கே போவது? இரண்டு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் கேளுங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. முகாம் எந்தத் தேதி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் அங்கே தெரியும். அந்த அட்டைக்கு ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். இழுத்தடித்தால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு. ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. 2018 வழிகாட்டுதல் இந்தக் குறைபாட்டை அளக்கச் சொன்னதே நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பை வைத்துத்தான்.

சோதனைக்குப் போகும்போது ஒன்றைச் சொல்ல மறக்காதீர்கள்: பிள்ளை எந்த மொழியில் படித்தான் என்பது. தமிழ் வழியில் படித்தவனை ஆங்கிலத்தில் சோதித்தால், குறைபாடு எது, ஆங்கிலம் தெரியாதது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

யாரிடம், எப்படிக் கேட்பது?

கல்லூரியில் பத்துப் பேர் பாடம் எடுப்பார்கள், பத்துப் பேருக்கும் இவனைத் தெரியாது. பெற்றோர் போய்ப் பேசினாலும் "பையனை வரச் சொல்லுங்க" என்பார்கள். அதில் தப்பில்லை, 18 வயது ஆள். நான் இவனோடு போனேன், ஆனால் பேசியது இவன். முதல் நாள் ராத்திரி வீட்டில் மூன்று முறை சொல்லிப் பார்த்தோம். என்ன குறைபாடு, அதனால் என்ன ஆகிறது, என்ன வேண்டும் என்று மூன்றே வாக்கியம்.

"சார், எனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கு. பாடம் புரியும், படிக்கிறதும் எழுதுறதும் மெதுவாத்தான் வரும். செமஸ்டர்ல கூடுதல் நேரமும், எழுதுறதுக்கு ஒருத்தரும் வேணும், அதுக்கு நீங்க பரிந்துரை செஞ்சு குடுக்கணும்."

துறைத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "பார்த்தா அப்படித் தெரியலையேப்பா" என்றார். எல்லோரும் சொல்வதுதான். இவன் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தான். அதன் பிறகு பேச்சு நடைமுறைக்கு வந்துவிட்டது.

வாயால் சொன்னது காற்றோடு போகும் என்பதால், கையோடு ஒரு விண்ணப்பமும் கொடுக்க வேண்டும். முதல்வருக்கு எழுதி, துறைத் தலைவர் வழியாக அனுப்பும் கடிதம். சான்றிதழ் ஜெராக்ஸ், அடையாள அட்டை ஜெராக்ஸ், பிளஸ் டூ தேர்வில் சலுகை கொடுத்த ஆணையின் நகல். எங்களுக்கு அந்த மூன்றாவது காகிதம்தான் பெரிதும் உதவியது, "ஏற்கெனவே கொடுத்திருக்காங்க" என்று பார்த்ததும் அலுவலகத்துக்குத் துணிச்சல் வந்தது. டி.சி. வாங்கப் போகும் நாளிலேயே பள்ளியில் அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கேயே இருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் முடிவெடுப்பார். மற்றக் கல்லூரி என்றால் கோப்பு சேலம் பெரியார் பல்கலைக்கழகம் வரை போய் வர வேண்டும், பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது, செமஸ்டர் தொடங்கும்போதே கொடுங்கள். சமவாய்ப்பு மையம் என்று ஒன்று கல்லூரியில் இருந்தால் அதன் பொறுப்பாளருக்கும் ஒரு நகல்.

மொழிப் பாட விலக்கு மட்டும் பள்ளியில் கிடைத்ததுபோல இங்கே தானாகத் தொடராது. கலைக் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று இருக்கும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி வேறு. தனியாக எழுத்தில் கேளுங்கள்.

பரீட்சை நாள்

மத்திய அரசின் 2018 தேர்வு வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்றது. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். எழுதுபவரை நாமே கூட்டிப்போவதென்றால், அவர் மாணவரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. கல்லூரியே ஏற்பாடு செய்தால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவரைச் சந்தித்துப் பார்க்க அனுமதி உண்டு. அந்தச் சந்திப்பை விடக் கூடாது, ஏனென்றால் சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. நினைப்பதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், நிறுத்த வேண்டும், அவர் எழுதி முடித்தாரா பார்க்க வேண்டும், தொடர வேண்டும். எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பையனை வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். முதல் ஞாயிறு அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் சண்டை. "தேய்மானம்" என்று இவன் சொல்ல, அவன் "தேமானம்" என்று எழுதி வைத்திருந்தான். தப்பாக இருக்கிறது என்று இவனுக்குத் தெரிகிறது, எது தப்பு என்று காட்டத் தெரியவில்லை.

அதில் ஒன்று கற்றுக்கொண்டோம். தியரி தாள்களுக்கு எழுதுபவர் நல்லது. கணக்குப்பதிவியல் தாளில் "இடது பக்கம் மூணாவது வரி, அதுக்கு நேரா தொகை" என்று சொல்லிக்கொண்டிருப்பதற்குள் நேரம் போய்விடும். அந்தத் தாளுக்கு இவன் தானே எழுதினான், கூடுதல் நேரம் மட்டும் எடுத்துக்கொண்டான். இப்படித் தாளுக்குத் தாள் வேறுபடுத்திக் கேட்கலாம், விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதியிருந்தால் போதும்.

முதல் செமஸ்டரில் ஒரு தாளுக்கு மூன்று மணி நேர மணி அடித்ததும் கண்காணிப்பாளர் வந்து விடைத்தாளைக் கேட்டார். இவன் பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அனுமதி ஆணை அலுவலகத்தில் இருந்தது, அந்த அறைக்கு வந்து சேரவில்லை. இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2021ல் நீட் எழுதிய ஒரு டிஸ்கிராபியா மாணவிக்கும் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டு விடைத்தாள் பறிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. அதனால் அடுத்த செமஸ்டரிலிருந்து ஆணையின் நகல் ஹால் டிக்கெட்டோடு பின் அடித்தே போகும். அறைக்குள் நுழைந்ததும் கண்காணிப்பாளரிடம் அதைக் காட்டுவதுதான் இவனுக்கு முதல் வேலை, பேனா திறப்பது அப்புறம்.

படிப்பதற்கு போன்

போனைப் பார்த்தே கெட்டுப்போகிறார்கள் என்று திட்டும் வீடுகளில் இதைச் சொல்வது கஷ்டம்தான். இருந்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு அது மூக்குக்கண்ணாடி மாதிரி. ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போனால், திரையில் தொட்ட இடத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கும், தமிழிலும் வாசிக்கும். கூகுள் லென்ஸ் புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து உரக்கப் படிக்கும். கீபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் தானே தட்டச்சாகும். எல்லாம் இலவசம்.

ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. நம் கல்லூரிகளில் சுற்றும் தமிழ் நோட்ஸ் பல இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், போன் வாசிக்கச் சொன்னால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக உளறும். அப்போது அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லென்ஸில் கொடுத்தால் சரியாக வாசிக்கும். இதைக் கண்டுபிடித்தது இவன்தான், நானல்ல.

வகுப்பில் பாடத்தைப் பதிவுசெய்ய ஆசிரியரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். சிலர் ஒப்புக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். மாட்டேன் என்பவரிடம் நோட்ஸாவது கேட்கலாம்.

பள்ளியில் கண்டுபிடிக்காமலே கல்லூரி வந்தவர்கள்

நம் பக்கம் இவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். வகுப்பில் கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்வான், தாளில் ஒன்றும் இருக்காது. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவான். அரியர் ஏறிக்கொண்டே போகும், பாதியில் நின்று பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவான், "படிப்பு ஏறல" என்று ஊரில் கணக்கு முடித்துவிடுவார்கள். 18 தாண்டிய பிறகும் மதிப்பீடு செய்து சான்றிதழ் வாங்கலாம். அதே மருத்துவமனை, அதே அலுவலகம்தான். பழைய மார்க் ஷீட்டுகள், ஆரம்பப் பள்ளி நோட்டு ஏதாவது மிச்சம் இருந்தால் எடுத்துப் போங்கள், சிறு வயதிலிருந்தே இருந்தது என்று காட்ட உதவும்.

இவன் இப்போது இரண்டாம் வருடம். இரண்டு அரியர் பாக்கி. டைம் டேபிளை ரோமன் எண் இல்லாமல் ஆறு நிறத்தில் தானே வரைந்து, போன் திரையில் வைத்திருக்கிறான். போன வாரம் பாலக்கோடு போயிருந்தேன். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி என்ற பேச்சை எடுக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, "அந்த லென்ஸ் எதோ சொன்னியே, இதுல போட்டுக் குடு" என்று தன் போனை நீட்டினார்.